விழுங்காத கவளம்

எல்லோரும் சாப்பிட்டாயிற்றா? கரண்ட் வர இன்னும் நேரமாகும். தட்டில் கை வைத்திருப்பவர்கள் முதலில் முடித்துவிட்டு வாருங்கள்... இது சாப்பிட்டுக்கொண்டே கேட்கிற கதை இல்லை. நம் எழிலரசியின் சித்தி பிரிசில்லாவுக்கு நடந்தது.

2008, ஐப்பசி மாதம். சாயங்காலம் நாலரை மணி. சிதம்பரம் பக்கம், குமராட்சி தாண்டிப் போகிற ரோடு. இரண்டு பக்கமும் வயலெல்லாம் தண்ணீர், ரோட்டில் ஈ காக்கை இல்லை. சித்தி ஸ்கூட்டியில் தனியாகப் போகிறாள். முதியோர் இல்லங்களில் பதிவேடு ஒழுங்காக இருக்கிறதா, சமையல்கட்டு சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை.

அன்றைக்கு அவள் போன இல்லத்தில் மேலாளர் மணவாளன் வாசலிலேயே நின்றான். பதிவேடுகளைப் புது அட்டை போட்டு அடுக்கி வைத்திருந்தான். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. சித்தி சமையல்கட்டுக் கதவைத் தள்ளினாள்.

ச்சீ... அந்த நாற்றம். ஊசிப்போன பருப்பும் எலி மூத்திரமும் கலந்த வாடை. தரையில் கால் வைத்தால் செருப்பு ஒட்டிக்கொண்டு 'பச்சக்' என்றது. சாம்பார் அண்டாவின் விளிம்பில் கரப்பான்பூச்சி சாவகாசமாக நடந்துகொண்டிருந்தது. கரண்டியால் கலக்கினால் நேற்றைய சோறு, முந்தாநாள் கூட்டு எல்லாம் மேலே வந்தன.

"மோசம்னு எழுதிட்டீங்கன்னா இழுத்துப் பூட்டிடுவாங்க மேடம். இந்தக் கெழடுங்க எங்க போவும்?" என்றான் மணவாளன்.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்குச் சமைத்ததை அதிகாரி ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும், பிறகுதான் கையெழுத்து. எதற்கும் அருவருப்புப்படுகிற சித்தி அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். கவளத்தை வாயில் போடுவாள், தும்முகிற மாதிரி திரும்புவாள், கைக்குட்டையில் துப்பிவிடுவாள். அன்றைக்கும் அப்படியே செய்து, 'உணவு நன்று' என்று எழுதிவிட்டு மழைக்கு முன் கிளம்பிவிடலாம் என்று நினைத்தாள். கிழங்கள் இதையே தின்று கிடக்கட்டும் என்றுதானே அர்த்தம்? எனக்கு இந்த இடத்தில்தான் பற்றிக்கொண்டு வரும்.

திரும்பினாள். துப்பினாள்.

எதிரே, கிரைண்டர் பக்கத்தில், ஒரு கிழவி நின்றாள். இரண்டு கன்னமும் சோற்றால் உப்பியிருந்தன. உதடு அசையவில்லை. ஆனால் குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"நீ துப்பிட்ட... நாங்க எங்கம்மா துப்புறது?"

சித்தி கண்ணை மூடித் திறந்தாள். கிரைண்டர்தான் இருந்தது. 'உணவு நன்று' என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள்.

சிதம்பரத்தில் டீ குடிக்க நின்றாள். ஒரு வாய்... அந்தச் சாம்பார். அதே ஊசல், அதே எலி வாடை. கடலூரில் வீட்டு மீன்குழம்பும் அதுதான். பச்சைத் தண்ணீரும் அதுதான். எதைக் குடித்தாலும் குமட்டிக்கொண்டு வந்தது. டாக்டர் ஒன்றுமில்லை என்றார். இப்படியே போனால் செத்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அன்று துப்பியதை விழுங்கினால்தான் இது தீரும் என்று, ஒரு மத்தியானம் அந்த இல்லத்துக்கே திரும்பிப் போனாள். மணவாளன் தடுக்கத் தடுக்கப் பந்தியில் உட்கார்ந்து தட்டை வாங்கினாள். ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள்.

பந்தியில் மெல்லுகிற சத்தம் சட்டென்று நின்றது...

அத்தனை கிழங்களும் கன்னத்தில் சோற்றை அடக்கிக்கொண்டு அவளையே பார்த்தன. யாரும் விழுங்கவில்லை. சித்தி கண்ணீர் வழிய விழுங்கினாள். 'மடக்.' அதே நொடியில் பந்தி முழுக்க அதே சத்தம்.

தண்ணீர் குடித்தாள். தண்ணீர் தண்ணீராக இருந்தது.

பக்கத்தில் இருந்த சின்னையன் என்ற பெரியவரிடம், கிரைண்டர் பக்கம் நின்ற அம்மா யார் என்று கேட்டாள்.

"லோகநாயகியா? அது போயி ஒரு வருசமாவுது. வாயில வச்ச சோறு எறங்கவே இல்ல, அப்படியே போயிட்டுது."

சித்தி அங்கேயே உட்கார்ந்து, இன்னும் அனுப்பாமல் வைத்திருந்த பழைய அறிக்கையைக் கிழித்துவிட்டு உள்ளதை உள்ளபடி எழுதினாள். சமையல்கட்டுக்குச் சீல் வைத்தார்கள். எல்லோரையும் கடலூரில் நல்ல இடம் பார்த்துச் சேர்த்தாள்.

அதோடு முடிந்திருந்தால் நான் ஏன் சொல்கிறேன்?

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கறிக்குழம்பு. சித்தியின் மகள் யு.கே.ஜி. படிக்கிற பிள்ளை. ஒரு வாய் வாங்கியது, மெல்லாமல் அம்மாவையே பார்த்தது. சித்தி ஒரு வாய் சாப்பிட்டு விழுங்கினாள். பிறகுதான் பிள்ளை விழுங்கியது. மறுநாளும் அப்படி. அதற்கடுத்த நாளும்.

மார்கழியில் சித்திக்குக் காய்ச்சல். ராத்திரி ஒன்றும் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். விடியக் கண் விழித்தால்... கட்டிலோரம் பிள்ளை நிற்கிறது. கன்னம் உப்பியிருந்தது. உதட்டோரம் வழிந்த எச்சிலில் ராத்திரிச் சோறு புளித்து நாறியது.