ரெண்டாவது லாகின்

— நாலையும் தூக்கிருவோம் பர்வீனக்கா. பில்லுக்கு ஒண்ணு, ஸ்டாக்குக்கு ஒண்ணு, ஆளுக வருகைக்கு ஒண்ணு, பார்சலுக்கு ஒண்ணுன்னு எத்தனை சாப்ட்வேருக்குத்தான் சந்தா கட்டுவீக? நம்மட்ட ஒண்ணே ஒண்ணு. எல்லாம் அதுக்குள்ளயே வந்துரும்.

— நாலும் நல்லாத்தான ஓடுது ஜெகதீசு தம்பி.

— எங்கக்கா ஓடுது? தேனிக்காரருக்கு எரநூறு நைட்டி இருக்குன்னு பில்லப் போட்டுட்டு, ரேக்கப் பாத்தா எம்பதுதான் கெடந்துச்சுன்னு நீங்கதான சொன்னீக?

— பில்லுல கழிஞ்சது ஸ்டாக்குல கழியல. அந்தாளு போன்லயே வஞ்சுட்டாரு.

— பெறகென்ன? அதுக ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிடாதுக்கா. பாளையம்பட்டில பத்து தையல் மிசினு கெடந்தப்பச் சரி. இப்ப நாப்பது. அடுத்த மாசம் ரெட்டியபட்டிலயும் தொறக்கப் போறீக. ஒத்த ஆளா எதத்தான் பாப்பீக?

— சரி, மாத்துங்க. பில்லு, வருகை, பார்சலு. ஸ்டாக்கு மட்டும் பழசுலயே இருக்கட்டும்.

— பிரச்சினையே ஸ்டாக்குலதானக்கா!

— அதுல அவுக இருக்காக தம்பி.

— யாரு?

— எங்க வீட்டுக்காரவுக, சபீரு. கத்தாருக்குப் போகையில அவுகதான் போட்டுக் குடுத்தது. எனக்கொரு லாகினு, அவுகளுக்கொரு லாகினு.

— இம்புட்டுத்தானா? புதுசுலயும் மச்சானுக்கு ஒண்ணு போட்டுத் தாரேன். நம்பரச் சொல்லுங்க, ஓடிபி போகும்.

— அந்த நம்பரு இப்ப இல்ல. பேசி ரெண்டு வருசமாச்சு.

— என்னக்கா சொல்றீக?

— அங்க கம்பெனிய மூடிட்டாகன்னு கேள்வி. இங்க மிசினு கூடக் கூட அவுக பேச்சு கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு. பெறகு ஒண்ணுமில்ல. நான் தெனம் காலைல புதுசாத் தச்சத போட்டோ எடுத்து ஸ்டாக்குல ஏத்துவேன். பூப்போட்டது, கட்டம் போட்டதுன்னு. மத்தியானத் தொழுகைக்குள்ள தொறந்து பாத்துருவாக. பாத்தாகன்னா கீழ அவுக பேரு விழும்.

— ஒரு வார்த்த எழுத மாட்டாகளா?

— மாட்டாக. ஒரு நா எனக்குக் காச்சலு, போட்டோ போடல. அன்னைக்கு ஏழு தடவ தொறந்துருக்காக.

— அக்கா... இத எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல. யாரு எந்த ஊர்லருந்து தொறக்காகன்னு இந்தப் பழைய ஸ்டாக்குலயே காட்டும். கொஞ்சம் கீழ தள்ளிப் பாக்கணும்.

— ம்.

— கத்தாரு இல்லக்கா. திருச்சுழின்னு காட்டுது. இன்னைக்குக் காலைலயும் அங்கனருந்துதான். இங்கருந்து பஸ்ஸு ஏறுனா முக்கா மணி நேரம்...

— தெரியும் தம்பி. நோன்புப் பெருநாளுலருந்தே தெரியும். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சுட்டா, பாக்குறதயும் விட்டுருவாக.