கோட்டருகே ஒரு கால்: பயிற்சியாளர் எய்முதிஸ் அவர்களுக்கு எங்கள் மடல்

வெர்ஷுபை நகர விளையாட்டுப் பள்ளியில் முப்பத்தைந்து ஆண்டுகள் கூடைப்பந்துப் பயிற்சியாளராய்ப் பணியாற்றி, இந்த ஜூன் மாதத்தோடு ஓய்வு பெறும் எங்கள் பெருமதிப்பிற்குரிய எய்முதிஸ் வைஷ்னோரஸ் அவர்களுக்கு, உடன் பணிபுரிவோர் உள்ளம் நெகிழ்ந்து படித்தளிக்கும் மடல்.

பந்தைப் பணியவைத்த பண்பாளரே! வளையத்தை வசமாக்கிய வல்லவரே! நெட்டையர் நிறைந்த இந்த லிதுவேனிய நாட்டில் நடுத்தர உயரத்தில் பிறந்தும், நெட்டையர் அத்தனை பேரையும் அண்ணாந்து பார்த்தே அதட்டி வேலை வாங்கிய அதிசயமே! வணக்கம்.

இந்த மடலை எழுதும் வேலை, ஆட்டக் குறிப்பேடு எழுதும் பிலோமேனாவாகிய என் தலையில் விழுந்தது. முப்பத்துநான்கு ஆண்டுகளாய் அரங்கத்து மேசையில் உட்கார்ந்து தங்கள் அணியின் புள்ளிகளையும் தவறுகளையும் எழுதியவள் நான்தானே, புகழையும் நானே எழுதட்டும் என்று மற்றவர்கள் நைசாக நழுவிவிட்டார்கள். எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். சென்ற மாதம் தாங்கள் அலுவலகத்துக்குள் தலையை நீட்டிச் சொன்ன சொல்தான் எங்கள் நிம்மதியைக் கெடுத்தது.

"எவ்வளவு வேணும்னாலும் புகழ்ந்து தள்ளு பிலோமேனா. வேண்டாம்னா நீ கேக்கவா போற? ஆனா அந்த ஃபைனலப் பத்தி எழுதினா உண்மைய மட்டும் எழுது. மடலக் கண்ணாடி போட்டுக் குடுப்பீங்க, எங்க வீட்டம்மா கொண்டுபோய் சாப்பாட்டு மேசைக்கு எதிர்த்தாப்புல மாட்டுவா. அதுல ஒரு பொய் இருந்தா எனக்கு எப்படிச் சோறு எறங்கும்?"

அந்த உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்று மூன்று வாரம் இந்தப் பள்ளிக்குள் நடந்த சண்டை தங்களுக்குத் தெரியாது. சொன்னால் தங்கள் மனம் உடைந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். தாங்கள் எங்களிடம் கேட்ட ஒன்றே ஒன்றையும் மறுப்பதா என்ற வருத்தம் மறுபக்கம். என்ன முடிவானது என்பதற்கு வருகிறேன். முறைப்படி முதலில் பெருமைகள்.

பத்தொன்பது வயதில் கௌனாஸ் நகரத்துப் பெரிய அணியொன்று தங்களை அழைத்துக்கொண்டது. எட்டு ஆண்டுகள், தான் போடக்கூடிய பந்தையும் பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடுத்துவிட்டுப் பேசாமல் திரும்பி ஓடும் ஆட்டக்காரராய் இருந்தீர்கள். இருபத்தேழாம் வயதில் இடது முழங்கால் முறிந்தது. இனி ஓடவே கூடாது என்றார் மருத்துவர். "நிக்கலாமா?" என்று கேட்டீர்களாம். நிற்கலாம் என்றாராம். "அப்பச் சரி, கோச் ஆயிடறேன்" என்றீர்களாம். தங்கள் துணைவியார் டாங்வோலே இதைச் சொல்லும்போதெல்லாம் சிரிக்கிறார். அன்றைக்கு மருத்துவமனையில் தாங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுததையும் அவர்தான் சொன்னார்.

சுதந்திரம் வந்த புதிதில், எரிபொருள் இல்லாமல் ஊரே விறைத்துக் கிடந்த குளிர்காலத்தில், பிள்ளைகளைக் கையுறையோடு பந்து தட்ட வைத்தவர் தாங்கள். "கையுறையோட பழகிட்டா வெறுங்கையில தானா விழும்டா" என்று ஆசை காட்டினீர்கள். பாவம், நம்பினார்கள். வெயில் வந்து கையுறையைக் கழற்றினார்கள். ஒன்றும் விழவில்லை.

இந்த ஊரில் பயிற்சியாளராய் இருப்பது லேசுப்பட்ட காரியமா? பால் விற்பவள் முதல் பாதிரியார் வரை ஆளுக்கொரு யோசனை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் பாதிரியாரே தங்கள் கோட்டுக் கையைப் பிடித்து நிறுத்தி, "அந்த நெட்டப்பய மூணாவது ஃபவுல் வாங்குற வரைக்கும் என்னய்யா வேடிக்கை பாத்துட்டு நின்ன?" என்று கேட்டதை நான் என் காதால் கேட்டேன். எல்லாருக்கும் தலையாட்டிவிட்டுத் தங்கள் விருப்பப்படியே ஆடவைத்தீர்கள். பொறுமையின் புகலிடமே, இதில் மட்டும் தங்களை மிஞ்ச ஆளில்லை!

இனி அந்த ஆட்டம். இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு முந்தைய மார்ச் மாதம். இளைஞர் கோப்பையின் இறுதிப்போட்டி. ஊர் முழுதும் நம் அரங்கத்துக்குள் இருந்தது. இரண்டு புள்ளி பின்தங்கியிருக்கிறோம், கடைசி நொடி. இன்று தங்கள் இடத்துக்கு வரப்போகும் நம் தௌமந்தாஸ் அன்று பதினேழு வயதுப் பையன். தங்கள் இருக்கைக்கு நேர்முன்னே, மூலையில், மூன்று புள்ளிக் கோட்டருகே நின்று பந்தை எறிந்தான். விழுந்தது. கோட்டுக்கு வெளியே நின்று போட்டிருந்தால் மூன்று, கோப்பை நமக்கு. கால் கோட்டில் பட்டிருந்தால் இரண்டு, சமநிலை, கூடுதல் நேரம்.

நடுவர் சரியாகப் பார்க்கவில்லை. எதிரணிக்காரர்கள் கத்துகிறார்கள். மனிதர் நேராகத் தங்களிடம் வந்தார். "எய்முதிஸ், உன் மூக்குக்கு முன்னாடிதானே நடந்துச்சு. நீ சொல்றத நான் எடுத்துக்கறேன்."

"கோட்டுல மிதிச்சான். ரெண்டுதான்" என்றீர்கள்.

நான் இரண்டு என்று எழுதினேன். கூடுதல் நேரத்தில் நான்கு புள்ளியில் தோற்றோம்.

ஊர் தங்களைச் சும்மா விட்டதா? இறைச்சிக்கடைக்காரர் தராசைத் தங்கள் பக்கம் திருப்பி வைத்து, "வாங்க நீதிபதி அய்யா! எடை சரியா இருக்கான்னு நீங்களே பாத்துச் சொல்லிடுங்க, நாங்கல்லாம் பொய் சொல்ற சாதி" என்றார். அதுகூடப் பரவாயில்லை. அன்று பெரிய அணியிலிருந்து ஆள் பார்க்க வந்தவர்கள் வென்ற அணிப் பையன் ஒருவனை அழைத்துக்கொண்டு போனார்கள். தௌமந்தாஸுக்கு அழைப்பு வரவில்லை. மூன்று மாதம் அவன் தங்கள் முகத்தில் விழிக்கவில்லை.

இனிச் சொல்லப்போவதை நாங்களே சென்ற மாதம்தான் தௌமந்தாஸ் சொல்லி அறிந்தோம். கல்யாணங்களுக்குப் படம் பிடிக்கும் அவன் மாமா அந்த ஆட்டத்தையும் பிடித்திருந்தார். தோற்ற அந்த ஆண்டே ஜூன் மாதம் தௌமந்தாஸ் அந்தக் கேசட்டைப் போட்டுப் பார்த்தான். நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தான். அப்புறம் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு தங்கள் வீட்டுக்கு ஓடினான். மேசைமேல் விட்டெறிந்து, "பாருய்யா, நல்லாப் பாரு" என்று கத்த வேண்டும். வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனானாம்.

கதவைத் திறந்தது தாங்கள். சவரம் செய்யாத முகம், சட்டை தொளதொளவென்று தொங்கும் அளவுக்கு மெலிவு. அவன் வாயைத் திறப்பதற்குள், "வாசப்படியில நின்னு பேசாத, ஆகாது, உள்ள வா" என்று இழுத்துப்போய்ச் சமையலறையில் உட்கார வைத்தீர்கள். பீட்ரூட் போட்ட குளிர்ந்த சூப்பும் சுடச்சுட உருளைக்கிழங்கும் அவன் முன்னே வைத்தீர்கள். தாங்கள் சாப்பிடவில்லை.

"டேய், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உன் கால் கோட்டுல பட்டுச்சா? நான் பாத்தது பாத்ததுதான். ஆனா கண்ண மூடினா இப்பல்லாம் வேற மாதிரி தெரியுது. உனக்குத் துரோகம் பண்ணிட்டேனோன்னு இருக்குடா."

தௌமந்தாஸ் தங்கள் மெலிந்த முகத்தைப் பார்த்தான். அவனுக்குக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லையாம்.

"பட்டுச்சு கோச். நல்லாவே மிதிச்சேன்" என்றான்.

அன்று தாங்கள் இரண்டு தட்டு சாப்பிட்டீர்களாம். அடுத்த ஆண்டு முதல் ஒவ்வொரு செப்டம்பரும், பயிற்சி தொடங்கும் நாளில், அதே கேள்வியை அவனிடம் கேட்டீர்கள். அவன் வெளியூரில் படித்த நான்கு ஆண்டும் தொலைபேசியில் கேட்டீர்கள். அவனும் அதே பதிலையே சொன்னான்.

உண்மை தெரிந்த பிறகு எங்களுக்குள் பெரிய ரகளை. "விழா அதுவுமா மனுசன அழ வைக்கணுமா? வாழ்த்திட்டு கேக் வெட்டுங்க" என்றார் தலைமையாசிரியர். டாங்வோலே அம்மையாரிடம் போய் நின்றோம். "நாப்பது வருசமா கூட இருக்கேன். தாங்குவாரு. கேட்டதக் குடுங்க" என்றார். கடைசியில் எல்லாரும் தௌமந்தாஸைப் பார்த்தோம்.

"இருபத்துமூணு தடவ அவர்கிட்டப் பொய் சொல்லிட்டேன்" என்றான். "இருபத்துநாலாவது பொய்ய கண்ணாடி போட்டு மாட்ட வேணாம். எழுதுங்க பிலோமேனா அக்கா."

ஆகவே, வாய்மைக்கு வாழ்க்கைப்பட்ட வள்ளலே, தாங்கள் கேட்டபடி எழுதுகிறோம். கால் கோட்டில் படவில்லை. நான்கு விரல் தள்ளி நின்றது. அந்தப் பந்துக்கு மூன்று புள்ளி. கோப்பை நம்முடையது. தங்கள் கண் தவறிவிட்டது. பார்த்ததைப் பார்த்தபடி சொன்ன தங்கள் வாய் தவறவில்லை என்று நாங்கள் அத்தனை பேரும் கையெழுத்திட்டுச் சொல்கிறோம்.

எழுந்திருக்காதீர்கள் ஐயா, அமருங்கள். இன்னும் இரண்டு வரி இருக்கிறது. தங்கள் மனம் என்ன பாடுபடும் என்று தெரிந்துதான், இதற்குக் கீழே தானே ஒன்று சேர்க்க வேண்டும் என்று தௌமந்தாஸ் பேனாவை என் கையிலிருந்து வாங்கினான். அவன் எழுதியதை அப்படியே படிக்கிறேன்:

"கோச், அது மூணுதான். அன்னிக்கே உங்கள மன்னிச்சுட்டேன், அதான் பொய் சொல்ல முடிஞ்சுது. என் பையனுக்கு ஏழு வயசானப்போ கௌனாஸ்ல சேக்கச் சொன்னாங்க. ரெண்டுன்னு சொன்ன உங்க கையிலதான் கொண்டுவந்து குடுத்தேன்."

நோயின்றி, நொடியின்றி, நெஞ்சில் ஒரு பாரமுமின்றி, டாங்வோலே அம்மையாருடன் தாங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். வருகிற செப்டம்பரில் கேட்பதற்கு ஒரு கேள்வியும் இல்லாமல், அரங்கத்தில் முன்வரிசையில் வந்து சும்மா உட்கார்ந்து ஆட்டம் பாருங்கள்.

அன்பு மாறாத,
தலைமையாசிரியர், பயிற்சியாளர்கள், பணியாளர்கள்,
வெர்ஷுபை நகர விளையாட்டுப் பள்ளி