கொப்பளிக்காத வாய்

விழுப்புரத்தில் பல் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் திண்டிவனம் பேருந்தில் ஏறி, என் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். பக்கத்தில் அவளுடைய அண்ணி.

“டாக்டரு எழுதிக் குடுத்த பேஸ்ட்டு போட்டு வெளக்கினா துப்பணுமாம். வாய் கொப்பளிக்கக் கூடாதாம் அண்ணி.”

“ஏனாம்?”

“அதுல புளோரைடுன்னு ஒண்ணு இருக்குதாம். அது பல்லுலயே தங்கணுமாம்.”

“எச்சி வாயோட சாமி கும்புடுவியா நீ?”



“சாமி பொறுத்துக்கும். இருக்குறதே ஆறு பல்லு. அதுவும் போச்சுன்னா தெனம் கேப்பைக் கூழுதான்.”

வழியில் அவள் வறுத்த மல்லாட்டைக் கடலை வாங்கி, ஒன்றை மெதுவாக மென்றபடியே நீட்டினாள். அண்ணி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள், வாயில் போடவில்லை.

திண்டிவனத்தில் இறங்கும்போதுதான் அண்ணி கேட்டாள்:

“எனக்கு ரெண்டுதான் இருக்குது. ரெண்டு பல்லுக்கெல்லாம் அந்த பேஸ்ட்டு எழுதித் தருவாங்களா?”