சுவரின் நிறத்தில் ஒரு கதவு

மேடையில் வீற்றிருக்கும் அருட்தந்தை அவர்களே, ஊர்த்தலைவர் திருமிகு தெலெஸ்போரோ கயத்தாவ் அவர்களே, முன்வரிசையில் அழுது ஓய்ந்து அமர்ந்திருக்கும் அக்காவின் உறவினர்களே, காப்பிக் கோப்பையோடு நின்றுகொண்டிருக்கும் தாய்மார்களே, துக்க இரவில் கண்விழிக்க ஆடும் சீட்டைக் கீழே வைத்துவிட்டு எனக்குக் காது கொடுத்திருக்கும் பின்வரிசைப் பெரியோர்களே, இன்னும் சீட்டைக் கீழே வைக்காதவர்களே, உங்கள் அனைவருக்கும் யூலாலியா கோலெஸின் வணக்கம்.

எனக்குப் பேச வராது. மைக்கைப் பிடித்திருக்கும் கை நடுங்குவது உங்களுக்கும் தெரியும். இதோ இந்தப் பெட்டிக்குள் படுத்திருக்கும் கொன்சோர்சியா கர்கரித்தா அம்மையார், நம் ஊர்ப் பிரசவ விடுதியின் தலைமை மருத்துவச்சி, நம் எல்லோருக்கும் கொன்சோர் அக்கா, என்னை லாலி என்று கூப்பிட்டதைவிட ‘நடுங்கி’ என்று கூப்பிட்டதுதான் அதிகம். “ஏ நடுங்கி, வெந்நி கொண்டா.” “ஏ நடுங்கி, நீ பிரசவம் பாக்க வந்தியா, பேய் பாக்க வந்தியா?” இந்த வார்த்தைகளைக் கேட்டுக்கொண்டே நான் அவரிடம் தொழில் கற்றேன்.

எனக்கு முன்னால் பேசிய நால்வரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள். அஞ்சா நெஞ்சம் படைத்தவர் என்றார்கள். அச்சம் என்பதையே அறியாதவர் என்றார்கள். அவையோரே, மன்னிக்க வேண்டும். அது உண்மை இல்லை. இந்த ஊரிலேயே அதிகமாகப் பயந்தவர் கொன்சோர் அக்காதான். அவர் பயத்தைப் பற்றிப் பேசத்தான் நான் எழுந்திருக்கிறேன்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. இரங்கல் உரை என்றால் இறந்தவர் செய்த சேவைகளைக் கதை கதையாகச் சொல்ல வேண்டும். அக்காவின் சேவை என்ன? வந்தவள் யாரென்று கேளாமல் இருந்தது. போனவள் எங்கே என்று தேடாமல் இருந்தது. அதைக் கதையாகச் சொன்னால் அந்தக் கதைக்கு உரியவள் இங்கேயே உட்கார்ந்திருக்கலாம் அல்லவா? அவள் பக்கத்தில் அவள் மாமியார் உட்கார்ந்திருக்கலாம் அல்லவா? ஆகவே அக்கா செய்ததையே நானும் செய்யப்போகிறேன். அவர் எதைச் சொன்னாலும் மாற்றித்தான் சொல்வார். ஆண் குழந்தையைப் பெண் என்பார். வெயில் நாளை மழை நாள் என்பார். நான் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

அந்தக் கதவை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். விடுதியின் பக்கச் சுவரில், சந்தைக்குப் பின்னால் போகும் சந்தில், இடுப்புயரத்தில் இருக்கிறது. திறந்தால் மெத்தை போட்ட தொட்டில். பெற்ற பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாதவர்கள் அதில் வைத்துவிட்டுப் போகலாம். கதவை மூடிச் சற்று நேரம் கழித்துத்தான் உள்ளே மணி அடிக்கும். அந்தச் சற்று நேரம் அவள் போவதற்கு. பிறகு பிள்ளையை நாங்கள் எடுப்போம், குளிப்பாட்டுவோம், நகரத்திலிருந்து நலத்துறை வண்டி வரும்.

அது ஏன் வந்தது? சந்தையில் மீன் இறக்கும் பெரிய தட்டு ஒன்றின் கீழே ஒரு காலையில் அக்கா ஒன்றைக் கண்டார். என்ன கண்டார் என்பதை இங்கே நான் சொல்லப்போவதில்லை. மீன்காரர்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து அவர் அந்தச் சந்தையில் மீன் வாங்கவில்லை. அன்றே போய்த் தலைவர் முன்னால் நின்றார். தலைவர் மறந்திருக்க மாட்டார்.

“கதவு வெச்சா பொண்ணுங்க கெட்டுப்போவாங்க அக்கா,” என்றார் தலைவர்.

“கதவு வெக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒழுங்கா இருந்தாங்களா தம்பி? அப்ப அந்தத் தட்டுக்கடியில கெடந்தது யாரு? வானத்துலேருந்து வுழுந்துச்சா?”

நம் தலைவர் நல்லவர். வாதாடுவார், பிறகு வந்து நிற்பார். கதவு வைக்க ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதோடு நிற்காமல் திறப்பு விழாவுக்குப் பள்ளிக்கூட பேண்டு வாத்தியத்தையும் ஏற்பாடு செய்துவிட்டார். அக்காவுக்கு மயக்கமே வந்தது. வாத்தியக்காரர்களுக்கு அரிசிப் பலகாரம் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டு, கதவுக்குச் சுவரின் நிறத்தையே அடித்தார். “இப்படி வெச்சா யாருக்குக்கா தெரியும்?” என்று நான் கேட்டேன். “தெரிய வேண்டியவளுக்குத் தெரியும்டி. பயமில்லாதவ வெச்சா வாசல்ல தோரணம் கட்டுவா. நமக்கெதுக்கு?” துணி துவைக்கும் இடத்திலும் முடி திருத்தும் கடையிலும் பேச்சோடு பேச்சாக அவர் விட்ட செய்தி போக வேண்டிய காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

முதல் முறை மணி அடித்தபோது நான் என்ன செய்தேன்? எழுந்து ஜன்னலுக்கு ஓடினேன். அக்கா என் சடையைப் பிடித்து இழுத்தார்.

“எங்கடி ஓடுற?”

“யாருன்னு பாக்க வேணாமாக்கா?”

“பாத்து? நாளைக்கு அவகிட்டயே போயி கத்திரிக்கா வாங்குவ. ஒம் மூஞ்சி சும்மா இருக்குமா? கண்ணாடி ஜாடி மாதிரி மூஞ்சிடி ஒனக்கு. உள்ள இருக்கிற ஊறுகா வெளிய தெரியும்.”

“புள்ள அழுவுதுக்கா.”

“புள்ளைக்கு மெத்தை இருக்கு, கூரை இருக்கு. எடுக்க நீ இருக்க. போறவளுக்கு என்னடி இருக்கு? அவ தெருமுனை திரும்பட்டும்.”

என் சடையைப் பிடித்திருந்த அந்தக் கை நடுங்கிற்று, அவையோரே. நன்றாகவே நடுங்கிற்று. பிள்ளை நீலம் பாரித்துவிடுமோ என்ற பயம். போகிறவள் சந்தில் மயங்கி விழுந்துவிடுவாளோ என்ற பயம். யாராவது எதிரே வந்து “எங்கேயிருந்து வர்றே?” என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம். ஒவ்வொரு முறையும் அந்தப் பயம் அவருக்கு இருந்தது. ஒரு முறையாவது பழகிப்போயிற்றா? இல்லை. பழகாமல் இருந்ததால்தான் ஒரு முறைகூட அவர் எட்டிப் பார்க்கவில்லை.

பிள்ளைக்குப் பெயர் வைப்பதிலும் அதே பயம்தான். நம் ஊரில் எல்லாக் குடும்பப் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கும். கயத்தாவ், கர்கரித்தா, கோலெஸ். பக்கத்து ஊர்களுக்கு வேறு வேறு எழுத்து. பிறப்பைப் பதியும் தம்பி ஆசையாக ஒரு ‘க’ பெயரை எழுதப்போனான். அக்கா பேனாவைப் பிடுங்கிவிட்டார். “ஏன்க்கா, நம்ம எழுத்து ஆகாதா?” என்றான். “ஆகும்டா ராசா. எழுத்தைப் பாத்ததுமே எந்த ஊர்ப் புள்ளன்னு சொல்லிருவானுங்களே. வேற ஊரு எழுத்தாப் போடு. புள்ளைக்குக் கைகால் பெரிசா இருக்கு, பொழச்சுக்கும்.” இப்படி வேற்றெழுத்தில் வளர்கிற நம் பிள்ளைகள் எங்கெங்கே இருக்கிறார்களோ, அவர்களுக்கு இன்று ஒரு தாய் போனது தெரியாது.

இன்னொன்று சொல்கிறேன். ஒரு நாள் மழை. பிள்ளையை வைத்துவிட்டுப் போனவள் அன்று சாயங்காலமே திரும்பி வந்தாள். கதவைத் தட்டினாள். “குடுத்துருங்கம்மா, முடியல,” என்றாள். அக்கா கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு கேட்டார்: “எதுல சுத்தி வெச்சே?” “எம் பள்ளிக்கூடத்துப் பாவாடையில,” என்றது அந்தக் குரல். அக்கா திரும்பாமலே பிள்ளையைத் தொட்டிலில் வைத்தார். “பால் குடிச்சிருக்கான். ஒதைக்கிறான். சூதானமா போ. திருப்பிக் கொண்டாந்தாலும் கதவு இருக்கு.” அவள் கொண்டுவரவில்லை. பாவாடை என்று நான் சொன்னதை வேறு ஏதோ துணி என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவன் இப்போது எவ்வளவு உயரம் இருப்பான் என்று தயவுசெய்து யோசிக்காதீர்கள்.

இப்போது நான் பயந்துகொண்டிருக்கும் இடத்துக்கு வந்துவிட்டேன்.

சற்றுமுன் தலைவர் எழுந்து, அக்காவின் நினைவாக ஊர் சார்பில் ஒரு பரிசு என்று அறிவித்தார். கதவுக்கு எதிரே இருக்கும் கம்பத்தில் ஒரு காமிரா. அதன் கீழே அக்காவின் பெயர் பொறித்த பலகை. “இனிமேல் நம் கண்ணில் படாமல் யாரும் அந்தச் சந்துக்குள் வர முடியாது” என்றார். குழந்தைகளின் பாதுகாப்புக்காக என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். அன்பினால் தட்டினீர்கள், எனக்குத் தெரியும்.

ஆனால் அந்தக் காமிரா காட்டும் படம் எங்கே ஓடும்? ஊர் மன்றத்தில், காப்பி பிளாஸ்க்குக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன டிவியில். கூடைப்பந்து மைதானத்துக் காமிராவில் இரண்டு பேர் கைகோத்து நடந்தது பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்ததா இல்லையா? அந்தப் பெண் வேலை தேடி வேறு தீவுக்கே போய்விட்டாள். கைகோத்ததற்கே அந்தக் கதி. கைப்பிள்ளையோடு வருகிறவள் அந்தக் கம்பத்தின் கீழே நிற்பாளா? நீங்களே சொல்லுங்கள், நிற்பாளா?

காமிராவை முந்தாநாளே மாட்டிவிட்டார்கள். இன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாடி ஜன்னலில் நான் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். சந்தின் முனையில் ஒருத்தி வந்தாள். முகத்தை நான் பார்க்கவில்லை. இந்த வெயிலில் குளிருக்குப் போடும் பெரிய ஜாக்கெட் போட்டிருந்தாள். ஜாக்கெட்டாக இல்லாமலும் இருக்கலாம். நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்தாள். அப்படியே நின்றாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போனாள்.

நான் மருத்துவச்சி. அந்த நடை எனக்குத் தெரியும். அது அடுத்த வாரத்து நடை இல்லை. இன்றைக்கோ நாளைக்கோ என்கிற நடை.

கூப்பிடலாமா என்று வாயைத் திறந்தேன். கூப்பிட்டால் அவள் ஓடுவாள், விழுவாள். கூப்பிடாவிட்டால் எங்கே போவாள்? அந்தச் சந்துக்கு அப்பால் என்ன இருக்கிறது? சந்தை இருக்கிறது. அங்கே மீன்தட்டுகள் இருக்கின்றன. அதைத் தாண்டினால் கடல் இருக்கிறது. வேறு என்ன இருக்கிறது இந்த ஊரில்? அக்கா இருந்திருந்தால் சடையைப் பிடித்திருப்பார். இப்போது பிடிப்பதற்கு யாரும் இல்லை.

தலைவரே, நீங்கள் கையை ஆட்டுவது தெரிகிறது. என்ன சொல்கிறீர்கள்? “லாலி, இத நாளைக்கு உக்காந்து பேசிக்கலாம்மா.” சரி, பேசலாம். ஆனால் அவள் வயிற்றில் இருப்பது நாளைக்கு என்று காத்திருக்காது.

அதனால் ஒரு காரியம் செய்துவிட்டேன். எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் என்னை என்ன செய்தாலும் சரி. அந்தக் காமிராவுக்கு மின்சாரம் எங்கள் விடுதியிலிருந்துதான் போகிறது. பிளக்கைப் பிடுங்கினால் யாராவது திரும்பச் சொருகிவிடுவீர்கள். ஆகவே பிடுங்கிவிட்டு, பிரசவக் கையுறையைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தொப்புள்கொடி வெட்டும் கத்தரிக்கோலால் வயரை வெட்டிவிட்டேன். ஊர் மன்றத்து டிவி மதியத்திலிருந்து இருண்டு கிடக்கிறது. எல்லோரும் இங்கே நாற்காலி போட வந்துவிட்டதால் யாரும் கவனிக்கவில்லை. கத்தரிக்கோல் மழுங்கிப்போயிற்று. புதிதாக வாங்க வேண்டும்.

அவையோரே, இரங்கல் கூட்டத்தின் முடிவில் என்ன செய்வோம்? எழுந்து நின்று மௌனமாக இருப்போம். அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்வோம். பிறகு நாற்காலியை மடக்கிவிட்டுப் போய்விடுவோம். இன்று அப்படி வேண்டாம். அக்காவின் பணியைத் தொடர வேண்டுமா? எழுந்திருக்காதீர்கள். ஊர் மொத்தமும் இந்தக் கூடத்துக்குள் இருக்கிறது. சந்தைப் பக்கம் ஒருவர்கூட இல்லை. சந்தில் ஒருவர்கூட இல்லை. விடுதிக்குள் எங்கள் உதவிக்காரி ஒருத்தி மட்டும் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் இங்கே உட்கார்ந்திருக்கும் வரை அந்தச் சந்து யாருக்குமே சொந்தமில்லை. காப்பி இன்னும் இருக்கிறது. சீட்டாடுகிறவர்கள் தாராளமாக ஆடுங்கள், நான் கோபிக்க மாட்டேன்.

இந்த ஒலிபெருக்கி கடற்கரை வரைக்கும் கேட்கும் என்று போன திருவிழாவில் எல்லோரும் திட்டினீர்கள். கேட்கட்டும். அம்மா, நீ யாரோ, எங்கே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாயோ, எனக்குத் தெரியாது. உனக்குப் பயமாக இருக்கும். எனக்கும் இருக்கிறது, குரலிலேயே கேட்கிறதல்லவா? அந்தக் கம்பத்துக்குக் கண் தெரியாது. வலி வந்துவிட்டால் முன்வாசலுக்கே வா, பிரசவம் பார்க்கிறோம், பெயர் கேட்க மாட்டோம். பெற்றுவிட்டாயானால் மெதுவாக வா, ஓடாதே, சுவரைப் பிடித்துக்கொண்டு நட. நான் பேசிக்கொண்டே இருக்கிறேன்.

உட்காருங்கள் தலைவரே. நான் இன்னும் முடிக்கவில்லை.