நாலாயிரத்து ஒரு இலக்கம்

தேத்தண்ணீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் அஸாம். சீனி அளவாக இருக்கிறது. நான் ஸ்ரான்லி, வெள்ளவத்தையில் முப்பத்திரண்டு வருடம் கணக்குப் படிப்பித்தவன். எதையும் முதற்படியிலிருந்து சொன்னால்தான் எனக்கு வசதி.

என் மனைவி மாக்ரெட் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவளுக்காக ஓர் எண் செய்தேன். ஒன்றில் தொடங்கி ஒன்றில் முடியும். நடுவில் அவள் பிறந்த திகதி, முன்னும் பின்னுமாக. மிச்சமெல்லாம் பூச்சியம். எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் ஒரே எண்தான். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் பிரிபடாத முதன்மை எண்ணாக அது இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அப்படிப்பட்ட எண்ணில் இலக்கங்கள் இரட்டைப்படையாக இருந்தால் பதினொன்றால் பிரிபட்டுவிடும். அதனால் நாலாயிரத்து ஒரு இலக்கம் வைத்தேன். பத்தாயிரத்துக்கு உட்பட்ட எந்த முதன்மை எண்ணாலும் அது பிரிபடாது என்பதைக் கட்டிலருகே இருந்து கையாலேயே பார்த்து முடித்தேன்.

அதற்கு மேல் கை போதாது. கொட்டாஞ்சேனை ஹியூபேட் என் நெடுநாள் நண்பர். துறைமுகத்தில் கம்பியூட்டர் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவரிடம் கொடுத்தேன். மாக்ரெட்டை அடக்கம் செய்து பன்னிரண்டாம் நாள் வந்தார்.

"ஸ்ரான்லி, அது முதன்மை எண்தான். ஒண்டாலயும் பிரிபடாது."

அன்றுதான் நான் சோறு சாப்பிட்டேன். நினைவு அட்டையில் அதைப் பற்றி அச்சடித்தேன். இரண்டு வருடம் ஒவ்வொரு வகுப்பிலும் சொன்னேன். சரிபார்க்கத் தோன்றவில்லை, சொன்னவர் ஹியூபேட் அல்லவா.

போன மாதம் என் பழைய மாணவி ஷாமிலா வந்தாள். இப்போது விரிவுரையாளர். தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"சேர், அது ஏழு இலக்க எண் ஒண்டால பிரிபடுது."

நானே வகுத்துப் பார்த்தேன். மீதி வரவில்லை.

அன்று மாலை வழக்கம்போல் நானும் ஹியூபேட்டும் கடற்கரை ரயில் பாதையோரம் நடந்தோம். அவரிடம் கேட்டேன்.

"ஓம், அண்டைக்கே தெரியும்," என்றார். "நீர் இருந்த இருப்பில எப்பிடிச் சொல்லுறது? சொல்லியிருந்தா மாக்ரெட்டுக்குப் பின்னால நீரும் போயிருப்பீர்."

என் தோளில் கை வைத்தார். நான் அந்த எண்ணைப் பற்றி ஆட்களுக்குச் சொன்னபோதெல்லாம் பக்கத்தில் இருந்து தலையாட்டியவர் இவர். மாக்ரெட்டின் பெயரில் என்னை இரண்டு வருடம் பொய் சொல்லவைத்தவர். அதை மட்டும் யோசித்தேன்.

கல் காலில் குத்துகிறது என்று அவர் தண்டவாளத்துக்கு நடுவே, சிலிப்பர் கட்டைகளில் நடக்கத் தொடங்கினார். நான் ஓரமாகப் பின்னால் போனேன். அவருக்குக் காது மந்தம். அலைச் சத்தத்தில் ஒன்றுமே கேட்காது.

"கோச்சி வருதா?" என்று திரும்பாமலே கேட்டார்.

திரும்பிப் பார்த்தேன். ரயில் வந்துகொண்டிருந்தது.

"இல்லை, நடவும்," என்று காதில் விழும்படி உரக்கச் சொன்னேன்.

ஹோன் நெடுநேரம் அடித்தது. கடைசியில் அவர் திரும்பினார். கோச்சியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் தேடினார்.

நீங்கள் விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வெட்டிவிட்டுத் திருத்துங்கள். பிழையான விடையைத் தெரிந்துகொண்டே விட்டுவைக்க நான் ஹியூபேட் அல்ல. என் வாழ்நாளில் ஒருவருக்கும் நான் பொய் சொன்னதில்லை.