லிட்டருக்கு இருபத்தொன்று

பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது டயரில் காற்று. அதை யாரும் பார்ப்பதில்லை. பெயின்ட்டைத் தடவிப் பார்ப்பார்கள், கதவை நாலு தடவை திறந்து மூடுவார்கள், பாட்டு பாடுகிறதா என்று கேட்பார்கள். காற்று குறைந்தால் வண்டி பெட்ரோலை மடக்கு மடக்கென்று குடிக்கும். கீழே ஸ்டேஷன் வாசலில் நிற்கிற அந்தச் சாம்பல் நிற வண்டி உங்களுடையதுதானே, ஐயா? முன் டயர் இரண்டும் சப்பையாகக் கிடக்கின்றன. இன்றைக்கே காற்று பிடித்துவிடுங்கள்.

என் மனைவி எப்படி இறந்தாள் என்றுதான் கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன். காரைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

தண்ணீர் மீட்டர்களைச் சோதிக்கும் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற மாதம் அந்தச் சின்னக் காரை வாங்கினேன். பதினெட்டு வருடத்து வண்டி. எனக்கு முன்னால் மூன்று பேர் ஓட்டித் தேய்த்தது. லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர்தான் கொடுத்தது. ஒழுகுகிற எதையும் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார என்னால் ஆகாது. வேலை அப்படிப் பழக்கிவிட்டது. மெக்கானிக்கிடம் போய் ஏர் ஃபில்டரை மாற்றினேன், பிளக்குகளை மாற்றினேன், சக்கரங்களை நேராக்கினேன், மேலே இருந்த கேரியரைக் கழற்றினேன். பதினாலு ஆனது.

வீட்டில் கூடத்தில் அவள், பின்னறையில் நான். சண்டை எதுவும் கிடையாது. சண்டை போட்டிருந்தாலாவது நாலு வார்த்தை வந்திருக்கும். மகள் கல்யாணமாகிப் போன பிறகு பேச்சு மெல்ல மெல்ல அற்றுப்போய்விட்டது. "சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்" என்பாள். நான் "ம்" என்பேன். டிவியைப் பார்த்துச் சிரிப்பாள். மகளோடு போனில் ஒரு மணி நேரம் பேசுவாள். நான் கூடத்துப் பக்கம் வந்தால் குரல் தணிந்துவிடும். தனியாக இருக்கிறவனுக்குத் தனிமை பழகிவிடும், ஐயா. அடுத்த அறையில் ஒருத்தி சிரிப்பதைக் கேட்டுக்கொண்டே தனியாக இருப்பது எனக்குக் கடைசிவரை பழகவில்லை.

சனிக்கிழமைகளில் மார்க்கெட்டுக்கு என்னோடு காரில் வருவாள். மீட்டரில் இருக்கிற கிலோமீட்டர் எண்கள் என் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, கண்ணாடி போட்டாலும் கலங்கும். அதனால் ஒருநாள் அவளை வாசிக்கச் சொன்னேன்.

"எழுபத்தெட்டாயிரத்து நானூத்தி ஆறு" என்றாள். பிறகு அவளாகவே, "போன வாரத்துக்கு இப்ப எவ்ளோ குடுக்குது?" என்று கேட்டாள்.

அவளாக ஒரு கேள்வி கேட்டு எத்தனை நாள் ஆகியிருந்தது தெரியுமா? டாங்கை விளிம்புவரை நிரப்பி, ஓட்டி, மறுபடி விளிம்புவரை நிரப்பி வகுத்துப் பார்க்க வேண்டும் என்று விளக்கினேன். நான் விரல் விட்டு எண்ணுவதற்குள் மனக்கணக்காய்ச் சொல்லிவிட்டாள். அதிலிருந்து நாற்பதுக்கு மேல் நான் போனதில்லை. மெதுவாகப் போனால் பெட்ரோல் மிச்சம். பத்து நிமிடப் பாதை இருபது நிமிடம் ஆனது.

"ஏங்க, பின்னாடி லாரிக்காரன் கன்னாபின்னான்னு திட்டறான்."

"திட்டட்டும். வாய் வலிச்சா நிறுத்திடுவான்."

என்னைப் பார்த்துச் சிரித்தாள். டிவியைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து.

அப்புறம் ஸ்டெப்னியை எடுத்தேன், ஜாக்கியை எடுத்தேன். கடைசியாகப் பின் சீட்டைக் கழற்றச் சொன்னேன். "சார், இன்னும் ரெண்டு கழட்டினா வண்டிய இடுப்புல வெச்சுட்டே போயிடலாம்" என்றான் மெக்கானிக். சீட் பதினாலு கிலோ. நானே நிறுத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டு நர்சம்மா சனிக்கிழமை தோறும் பின்னால் ஏறிக்கொள்வார். அவர் ஏறிவிட்டால் என் மனைவி கழுத்தைப் பின்னால் திருப்பிவிடுவாள், மார்க்கெட் வரை இரண்டு பேரும் பேசித் தீர்ப்பார்கள். சீட் போன பிறகு அவர் பஸ்ஸில் போனார். வண்டி பதினெட்டு கொடுத்தது.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு அவள் என் அறைக்கு வந்தாள். அவளாக அங்கே வருவதே இல்லை. நைட்டி முழுக்க வியர்வை. "ஏங்க, நெஞ்சுல என்னமோ பண்ணுது, கையெல்லாம் இழுக்குது" என்றாள். நர்சம்மாவைக் கூப்பிட்டேன். அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், கூப்பிட்டது நான்தான். அவர் நாடி பிடித்துப் பார்த்தார்.

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கண்ணே. இது விளையாட்டு இல்ல."

"வண்டி வாசல்லயே நிக்குதும்மா. அது வர்றதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன்."

"அப்ப நானும் வர்றேன்" என்று பின்கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே வெறும் தகரம். என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரி, எங்கயும் நிக்காம வேகமா போங்கண்ணே" என்றார். அப்போது மூன்று பத்து என்று உங்களிடம் சொன்னாராம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

ஆஸ்பத்திரி ஏழு கிலோமீட்டர். நாங்கள் உள்ளே போனது நாலு மணிக்கு. வண்டி ஓடியிருப்பது இருபத்து மூன்று கிலோமீட்டர். ஏன் இவ்வளவு சுற்று என்று முதல் நாள் கேட்டபோது மைலேஜுக்காக என்று சொன்னேன், நீங்கள் மேசையைத் தட்டினீர்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அடக்கம் முடிந்த மறுநாள் டாங்கை நிரப்பிப் பார்த்தேன், லிட்டருக்கு இருபத்தொன்று வந்தது. அதுவரை வராத எண். சொல்வதற்குத்தான் வீட்டில் ஆள் இல்லை.

கால்வாய் ஓரத்துச் சுற்றுப்பாதையில் போனேன். அதில் சிக்னல் இல்லை, நிறுத்தி நிறுத்திக் கிளப்ப வேண்டாம். முப்பதில் போனேன். இறக்கத்தில் இன்ஜினை அணைத்தேன்.

"இது நம்ம வழி இல்லையே. வேகமா போங்க" என்றாள்.

"போறேன்."

"பயமா இருக்குங்க. எதாவது பேசிட்டே வாங்க."

கியர் மேல் இருந்த என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐயா, எனக்கு அறுபத்தொரு வயது. கடைசியாக அவள் என் கையை எப்போது பிடித்தாள் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகத்துக்கே வரவில்லை. பேசச் சொன்னாளே, பேசினேன். தினமும் சாயங்காலம் கூடத்து வாசல்வரை வந்து, நீ சிரிக்கிறதைக் கேட்டுட்டுத் திரும்பிப் போயிடுவேன் என்று சொன்னேன்.

"உள்ள வர வேண்டியதுதானே" என்றாள். மூச்சு வாங்கியது. "நான் என்ன கடிச்சா வெச்சிருப்பேன்?"

அழுகை வந்துவிட்டது எனக்கு. இத்தனை வருடமும் அவ்வளவுதானா என்று இருந்தது. சொல்வதற்கு எவ்வளவோ மிச்சம் இருந்தது, ஆஸ்பத்திரிக் கட்டடம் அதற்குள் தெரிந்துவிட்டது.

வாசலைக் கவனிக்கவில்லை என்று நான் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். நன்றாகப் பார்த்தேன். காவலாளி கேட்டைத் திறந்து உள்ளே வாருங்கள் என்று கை காட்டினான், அவன் சொன்னது முழுக்க உண்மை. "ஏங்க, ஆஸ்பத்திரி" என்றாள் அவளும். "தெரியும்" என்றேன். நிறுத்தினால் நாலு பேர் ஓடி வருவார்கள், தூக்கிக்கொண்டு போவார்கள், மகள் வருவாள், நர்சம்மா வருவார். குணமாகி வீட்டுக்கு வந்தால் அவள் கூடத்துக்குப் போய்விடுவாள், நான் பின்னறைக்கு. இன்னும் ஒரே ஒரு சுற்று என்று நினைத்தேன். உள்ளே திரும்பாமல் கேட்டைத் தாண்டிப் போனேன். முப்பதில் போனால் ஒரு சுற்றுக்குப் பதினெட்டு நிமிடம். தெரிந்துதான் செய்தேன், யாரும் என்னைத் தூண்டவில்லை.

வழியிலேயே உயிர் போய்விட்டது என்கிறார் டாக்டர். எந்த இடத்தில் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் பேசிக்கொண்டே இருந்தேன், அவள் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டு வந்தாள். அந்தச் சுற்றில் வேகமாகப் போகச் சொல்லி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, என் கையையும் விடவில்லை. அவளுக்கும் இறங்க மனமில்லை என்றுதான் நினைக்கிறேன்.