கழித்துப் போட்ட வாள்கள்

என் பெயர், தகப்பனார் பெயர், குடியிருக்கும் முகவரி ஆகியவற்றை முதல் தாளில் சொல்லி எழுதவைத்துவிட்டேன். வயது நாற்பத்தொன்று. திருமணம் ஆகவில்லை. வாள்வீச்சுப் பயிற்சிக் கூடத்தில் போட்டி வாள்களைப் பழுதுபார்க்கும் வேலை செய்கிறேன். கூடத்தின் பயிற்சியாளர் என்மீது கொடுத்த புகாரை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அவர் என் அக்காவின் கணவர், நான் அவருக்குக் கொழுந்தியாள். புகாரில் அதை எழுதவில்லை என்பதால் இங்கே சொல்கிறேன்.

என் வேலை என்னவென்று ஆய்வாளர் கேட்டார். எங்கள் வாள்களுக்குக் கூர் கிடையாது. நுனியில் ஒரு சிறிய பொத்தான் இருக்கும். அது எதிராளிமேல் பட்டு அமுங்கினால், வாளின் பள்ளத்தில் ஒட்டியிருக்கும் கம்பி வழியாக மின்சாரம் ஓடி, மேசைமேல் இருக்கும் பெட்டியில் விளக்கு எரியும், புள்ளி கிடைக்கும். பொத்தானைக் கழற்றித் துருவைத் துடைப்பது, தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்றுவது, அறுந்த கம்பியை உரித்து எடுத்துப் புதிது ஒட்டுவது எல்லாம் நான்தான். அதோடு இரும்பையும் பார்ப்பேன். வளைந்து வளைந்து வாள் ஏதாவது ஓர் இடத்தில் அசந்துபோகும். அங்கே நகத்தை ஓட்டினால் மயிரிழை போல ஒரு கோடு தட்டுப்படும். கோடு விழுந்த வாள் எப்போது வேண்டுமானாலும் முறியும். முறிந்த முனைக்குப் பொத்தான் கிடையாது, அது குத்தும். அதனால் அப்படிப்பட்டதை இரண்டாக வெட்டிப் போட்டுவிட வேண்டும்.

வெட்டக் கூடாது என்றார் மாமா. வெட்டிப் போட்டால் புதிது கேட்டு நிர்வாகத்தின் முன்னால் தான்தான் கை கட்டி நிற்க வேண்டியிருக்கிறது என்றார். கோட்டை அவருக்கும் காட்டினேன். அவரும் நகத்தை ஓட்டிப் பார்த்தார். தெரியாமல் செய்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

"பல்பு எரியுதில்ல, அப்புறம் என்ன? உங்கிட்ட விட்டா வெண்ணெய் தடவுற கத்தியையும் கழிச்சுப் போட்டுடுவ" என்று பயிற்சிக்கு வந்தவர்கள் முன்னால் சொல்லிச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். அதன் பிறகு நான் கழித்த ஒவ்வொரு வாளிலும் கைப்பிடிக்குப் பக்கத்தில் சிவப்பு டேப் சுற்றி, என் அறையின் மூலையில் தனியாக நிறுத்திவைத்தேன்.

சென்ற மாதம் வெளியூர்ப் போட்டிக்கு ஆள் எடுப்பதற்காகக் கூடத்துக்குள்ளேயே தேர்வு ஆட்டம் நடந்தது. கடைசி ஆட்டம் தும்பி என்று எல்லோரும் கூப்பிடும் பெண்ணுக்கும் பல் டாக்டரின் மகளுக்கும். தும்பி துணிக்கடையில் பில் போடுகிறாள், இடது கைக்காரி. நடுவில் டாக்டர் மகளின் வாள் பட்டும் விளக்கு எரியாமல் போனது. நான் அடுத்த மேசையில் வேறொரு வாளைப் பிரித்துப் போட்டிருந்தேன். என்னைக் கூப்பிடாமல் மாமாவே என் அறைக்குப் போய் ஒரு வாளைக் கொண்டுவந்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார். அதில் சிவப்பு டேப் இல்லை என்பதால் நான் பார்த்துச் சரிசெய்து வைத்த வாள் என்று நினைத்துவிட்டேன்.

அதன் பிறகு இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். டாக்டர் மகளின் வாள் தும்பியின் இடது மேல்கையில் பட்டு விளக்கு எரிந்தது. மாமா கை தட்டினார். அவர் தட்டிக்கொண்டிருக்கும்போதே வாள் வில்லாக வளைந்து முறிந்து, வந்த வேகத்தில் மீதித் துண்டு தும்பியின் சட்டையைக் கிழித்துக்கொண்டு கைக்குள் இறங்கியது. தும்பி கத்தவில்லை. "புள்ளி அவளுக்குத்தான்" என்றாள். அதன் பிறகுதான் தரையில் உட்கார்ந்தாள். நான் ஒரு துவாலையை வைத்துக் காயத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன், ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து முறிந்த வாளைக் கையில் எடுத்தபோது கைப்பிடிக்குப் பக்கத்தில் டேப் உரித்த இடம் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. அந்த வாளைத்தான் இன்று ஒப்படைத்திருக்கிறேன்.

தும்பிக்கு நரம்பு அறுந்திருந்தது. தைத்திருக்கிறார்கள். இன்று வரை கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேரவில்லை. தலையை அவள் அம்மா வாரிவிடுகிறார். கடையில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள்.

அதன் பிறகு வாள்வீச்சுச் சங்கத்திலிருந்து விசாரிக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். காபி போட்டுக் கொடுத்தேன், தொடவில்லை. வாளைச் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டதாக நான் சொல்ல வேண்டும் என்றாள். "நீ ஒத்துக்கிட்டா கவனக்குறைவுன்னு போயிடும்டி. அவர் ஒத்துக்கிட்டா எங்க குடும்பமே போயிடும். உனக்கென்ன, ஒத்தக்கட்டை." மாமா சொல்லி அனுப்பினாரா என்று கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை.

சங்கத்து ஆட்கள் வருவதற்கு முன்பே, சனிக்கிழமை காலை நான் கூடத்துக்குப் போனபோது என் அறை மூலை காலியாக இருந்தது. சிவப்பு டேப்புகள் குப்பைக்கூடையில் சுருண்டு கிடந்தன. கழித்துப் போட்ட வாள்கள் எல்லாம் சிறுவர் பயிற்சிக்கான தாங்கியில் வரிசையாக நின்றன. சிறுவர்கள் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. அவற்றை அள்ளி வந்து ஒவ்வொன்றாக மேசையில் பொருத்திய வைஸ் பிடியில் இறுக்கி, கட்டிங் மெஷினால் வெட்ட ஆரம்பித்தேன். சத்தம் கேட்டு மாமா வந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சுவிட்சுக்கு முன்னால் முதுகைக் கொடுத்து நின்றார். கூடத்துச் சொத்தை அழிக்கிறாய் என்றார், இத்தனை நாள் சோறு போட்டவன் கையைக் கடிக்கிறாய் என்றார். நான் அடுத்த வாளை இறுக்கி வெறும் கையால் தள்ளினேன். முறுக்கு உடைகிற மாதிரி உடைந்தது. உடைந்த துண்டை அவரிடம் நீட்டி, "இதைப் புடிங்க. எந்தப் பிள்ளை கையில குடுக்கறதா இருந்தீங்கன்னு சொல்லுங்க" என்றேன். அவர் வாங்கவில்லை. ஆயுதத்தைக் காட்டி மிரட்டியதாகப் புகாரில் எழுதியிருப்பது இதைத்தான். நான் அவரைத் தொடவில்லை. அவர் வெளியே போய்ப் போன் செய்தார். போலீசார் வருவதற்குள் மீதியையும் கையாலேயே ஒடித்து முடித்தேன். அவற்றில் ஒன்றுகூட ஒடியாமல் நிற்கவில்லை.

மேற்கண்டவை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நான் சொன்னவை, என் அறிவுக்கு எட்டியவரை உண்மை. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அதில் "ஆத்திரத்தில் நிதானம் இழந்து வாள்களை ஒடித்தேன்" என்று ஓரிடத்தில் இருந்தது. அப்படிப் போட்டால் வழக்கு லேசாகும் என்று ஏட்டையா நல்ல எண்ணத்தில் சொன்னார். ஆத்திரம் இருக்கட்டும், நிதானம் இழந்து என்பதை அடியுங்கள், நான் இழக்கவில்லை என்றேன். அடித்துக் காட்டிய பிறகு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)